இல்லாத உலகங்களும் இதயத்தின் தாகமும்

நடந்தவற்றைச் சொல்லும் நூல்கள் எத்தனையோ இருக்க, நடக்கவே நடக்காதவற்றைச் சொல்லும் நூல்களை மனிதன் ஏன் நேசிக்கிறான்? பேசும் மரங்களும் பறக்கும் கம்பளங்களும் நம் தெருவில் இல்லை. விண்மீன் விட்டு விண்மீன் தாவும் கலங்களில் நாமோ நம் பேரப்பிள்ளைகளோ ஏறப்போவதுமில்லை. ஆயினும், உண்ணவும் உறங்கவும் மறந்து நாம் முதன்முதலாகப் படித்த நூல் எது என்று எண்ணிப்பார்த்தால், நம்மில் பலருக்கு நினைவில் வருவது இத்தகைய மாயக்கதையோ விஞ்ஞானப் புனைகதையோதான்.

அந்த முதல் நேசம் எத்தகையது? மீசை முளைத்ததும் உதறிவிட வேண்டிய சிறுபிள்ளை விளையாட்டா? உண்மைக்கு நாம் இழைத்த முதல் துரோகமா? அல்லது இறைவன் நம் உள்ளத்தில் ஊன்றி வைத்திருந்த ஏதோ ஒன்று கண்விழித்த நேரமா? இது இலக்கியச் சுவை பற்றிய கேள்வி மட்டுமன்று. பெற்றோராகவும் ஆசிரியராகவும் மறைக்கல்வி கற்பிப்போராகவும் இருக்கும் நாம் இதற்குத் தரும் விடையைப் பொறுத்தே நம் பிள்ளைகளின் கையில் எந்த நூல் இருக்கும், எது பறிக்கப்படும் என்பது முடிவாகிறது. ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது நம் கடமை.

முதல் வாசல்

இந்த நேசத்தை எவரும் திட்டமிட்டுத் தேடிச் செல்வதில்லை. அது எதிர்பாராத வாசல் வழியாக வருகிறது. தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு அந்த வாசல் 1947-இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’. தோளில் வேதாளத்தைச் சுமந்தபடி, கையில் வாளுடன் சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனின் படத்தைப் பார்த்தபின் இருட்டில் கிணற்றடிக்குப் போக அஞ்சியவர்கள் உண்டு; அஞ்சிக்கொண்டே அடுத்த இதழுக்காக நாள் எண்ணியவர்களும் அவர்களே. அடுத்த தலைமுறைக்கு, 1972-இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி அந்த வாசலாயிற்று. அதன்பின் வந்தவர்களுக்கு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் மனிதரைவிட நயமாகப் பேசிய இயந்திர நாய் ஜீனோ.

வாசல்கள் வேறு; உள்ளே நிகழ்ந்தது ஒன்றே. இதுவரை நாம் கண்ட உலகம் இருக்கக்கூடிய உலகங்களுள் ஒன்று மட்டுமே என்ற எண்ணம் நம்முள் முதன்முறையாக எழுந்தது. ஊர், தெரு, பள்ளி, கோவில், வயல் என்று எல்லை கட்டியிருந்த வாழ்வில் ஒரு சன்னல் திறந்துகொண்டது. அச்சன்னல் வழியே வந்த காற்றில் இன்பமும் இருந்தது. பெயர் சொல்லத் தெரியாத ஓர் ஏக்கமும் இருந்தது. கதை முடிந்த பின்னும் அந்த ஏக்கம் முடியவில்லை. நமக்கு அந்த நாட்டு அரியணையும் வேண்டியிருக்கவில்லை, புதையலும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தது வேறொன்று. அது என்ன என்று நமக்கே தெரியவில்லை.

அந்நேரத்தில் நம் பெரியவர்கள் சொன்னவையும் நினைவிருக்கின்றன. “பாடப் புத்தகத்தைத் தொடமாட்டாய், இந்தப் பொய்க்கதைக்கு மட்டும் கண் விழிப்பாயோ!” என்றார்கள். பக்தி மிகுந்த வீடுகளில் இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. பேயும் மந்திரமும் நிறைந்த கதைகள் பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுத்துவிடுமோ என்பதே அது. 1997-இல் தொடங்கிய ஹாரி பாட்டர் நூல்கள் பரவியபோது உலகெங்கும் கிறிஸ்தவ இல்லங்களில் இதே கவலை மீண்டும் எழுந்தது. இக்கவலைகளை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. ஏனெனில் திருச்சபையின் மிகப் பெரும் அறிவாளர் ஒருவரே இக்குற்றச்சாட்டைத் தம் மீது சுமத்திக்கொண்டவர்.

அகுஸ்தினாரின் கண்ணீர்

நான்காம் நூற்றாண்டின் வட ஆப்பிரிக்காவில் பள்ளிச் சிறுவனாயிருந்த அகுஸ்தினார், ரோமைக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் அரசி தீதோ காதலால் உயிர்நீத்த கதையைப் படித்து அழுதார். பின்னாளில் ஆயராகித் தம் ‘அறிக்கைகள்’ நூலை எழுதியபோது அந்தக் கண்ணீரை நினைத்து வருந்தினார். எங்கோ எவரோ புனைந்த அரசியின் சாவுக்காக அழுத சிறுவன், கடவுளைவிட்டு விலகித் தன் ஆன்மா செத்துக்கொண்டிருந்ததற்காக ஒரு துளியும் சிந்தவில்லையே என்பது அவர் வருத்தம்.

அதே நூலில் நாடக அரங்கைப் பற்றிப் பேசும்போது அவர் இன்னும் ஆழமாகச் செல்கிறார். மேடையில் துன்புறுகிறவனைக் கண்டு அழுகிறோம். ஆனால் எழுந்து சென்று அவனுக்கு உதவும்படி எவரும் நம்மை அழைப்பதில்லை. அழுவதே அங்கு இன்பமாகிவிடுகிறது. இரக்கம் என்பது செயலாக மாறவேண்டியது. இங்கோ அது சுவையாக மாறிவிடுகிறது.

இக்குற்றச்சாட்டு நம்மைத் தைக்கவேண்டும். கற்பனை நாட்டில் அடிமைப்பட்ட குள்ளர்களுக்காகக் கண்கலங்கும் நாம், நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் சிறுமியின் பெயரைக்கூட அறியாதிருக்கலாம். வேற்றுக்கோள் மக்களின் விடுதலைக்காக நெஞ்சம் துடிக்கும் நாம், நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கும் சுவரைக் கண்டும் காணாதிருக்கலாம். அப்படியானால் நம் கண்ணீர் எங்கே போயிற்று? செலவழிந்துவிட்டது. கதையிலேயே தீர்ந்துவிட்டது.

அவிலா நகரத்துப் புனித தெரேசாவும் இதற்குச் சாட்சி. 1515-இல் பிறந்த அவர் சிறுமியாயிருந்தபோது, அந்நாளைய ஸ்பெயினில் எல்லாரையும் மயக்கிய வீரதீரக் கதைகளில் மூழ்கிக் கிடந்தார். வாளேந்திய மாவீரர், மந்திரவாதிகள், அரக்கர், எட்டாத் தீவுகள் நிறைந்த கதைகள் அவை. தாய்க்கு அவை பிடிக்கும், தந்தைக்குப் பிடிக்காது. தந்தையின் கண்ணில் படாமல் படிப்பதே அவ்வீட்டு வழக்கமாயிற்று. புதிய நூல் ஒன்று கையில் இல்லாவிட்டால் தம்மால் மகிழ்ச்சியாயிருக்க முடியாதிருந்தது என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதுகிறார். அதனைத் தம் ஆன்மா தளர்ந்ததன் தொடக்கமாகவே அவர் கருதினார்.

இரு புனிதர்களின் சாட்சியத்தையும் கேட்டபின், நம் பெரியவர்கள் சொன்னதே சரி என்று வழக்கை முடித்துவிடலாமா? முடியாது. வழக்கின் மறுபக்கத்தில் திருவிவிலியமே நிற்கிறது.

புனைவெல்லாம் பொய்யாகுமா?

நீதித்தலைவர்கள் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறப்போம். தன் உடன்பிறந்தார் எழுபதுபேரைக் கொன்று அபிமெலக்கு அரசனாகிறான். தப்பிப் பிழைத்த இளையவன் யோத்தாம் கெரிசிம் மலையுச்சியில் நின்று மக்களுக்கு ஒரு கதை சொல்கிறான். மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடிப் புறப்பட்ட கதை. ஒலிவமரம் மறுக்கிறது, அத்திமரம் மறுக்கிறது, திராட்சைக்கொடி மறுக்கிறது. இறுதியில் முட்புதர் அரசாள வருகிறது. மரங்கள் கூடிப் பேசும் மாயக்கதை இது. யோத்தாம் உரைத்தது பொய்யென்று எவர் சொல்வார்? சிக்கேம் நகரமே தன்னிடமிருந்து மறைத்துக்கொண்ட உண்மையை அந்தப் பேசும் மரங்கள் அல்லவா வெளிப்படுத்தின!

தாவீது அரசனிடம் இறைவாக்கினர் நாத்தான் வந்ததையும் நினைவுகூர்வோம். “நீ உரியாவைக் கொன்றாய்” என்று அவர் தொடங்கவில்லை. ஓர் ஏழையிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பறித்த கதையைச் சொன்னார். அப்படியோர் ஏழையும் இல்லை. அப்படியோர் ஆட்டுக்குட்டியும் இல்லை. ஆனால் தாவீதின் நெஞ்சில் உறங்கிக் கிடந்த நீதியுணர்வு அந்த இல்லாத ஆட்டுக்குட்டிக்காகச் சினந்தெழுந்தது. அது எழுந்தபின்பே, “அந்த மனிதன் நீரே” என்ற சொல் அவன் நெஞ்சைத் துளைக்க முடிந்தது. நேரே வந்திருந்தால் தாவீது கேடயம் தூக்கியிருப்பான். கதை கேடயத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றது.

நம் ஆண்டவரும் உவமைகளாலேயே பேசினார். காணாமற்போன மகனுக்கும் நல்ல சமாரியனுக்கும் ஊரும் பேரும் தேடி எவரும் அலைவதில்லை. புனைவு வேறு, பொய் வேறு என்பதை அகுஸ்தினாரே பிறிதோரிடத்தில் தெளிவுபடுத்துகிறார். ஏமாற்றும் நோக்கமின்றி ஓர் உண்மையைச் சுட்டுவதற்காகப் புனையப்படுவது பொய்யாகாது என்பது அவர் கருத்து. பொய்யன் தான் சொல்வதை நாம் நம்பவேண்டும் என்று விரும்புகிறான். கதைசொல்லியோ, “ஒரு நாட்டிலே ஒரு ராஜா” என்று தொடங்கும்போதே, இது கதை என்று நம்மிடம் சொல்லிவிடுகிறான்.

1726-இல் தேம்பாவணியைப் படைத்த வீரமாமுனிவர்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்கிய சீடர்களைக் கண்டு தமிழகம் இன்றும் சிரிக்கிறது. சூசையப்பரின் மாண்பைப் பாடிய அதே பேனா குதிரைக்கு முட்டையும் படைத்ததை ஒரு மறைப்பணியாளர் இழுக்காகக் கருதவில்லை. ஆக, உண்மைக்கு மாறானது என்ற முதல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. உதவாத கண்ணீர் என்ற இரண்டாம் குற்றச்சாட்டே எஞ்சி நிற்கிறது. அதற்கு விடை காண, இந்நேசம் ஒருவரை எங்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

ஒரு தொடர்வண்டி நிலையத்தில்

1916-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் லெதர்ஹெட் என்னும் சிறிய தொடர்வண்டி நிலையம். அங்கிருந்த புத்தகக் கடையில் பதினேழு வயது மாணவர் ஒருவர் ஒரு நூலை வாங்கினார். ஸ்காட்லாந்து போதகரான ஜார்ஜ் மெக்டொனால்டு 1858-இல் எழுதிய ‘ஃபான்டஸ்டெஸ்’ என்ற மாயக்கதை அது. வாங்கியவர் சி. எஸ். லூயிஸ். அந்நாளில் அவர் கடவுள் இல்லை என்று உறுதியாக நம்பியவர்.

தம் இளமைக்கால வரலாற்றை 1955-இல் வெளியிட்டபோது லூயிஸ் அந்நூலைப் பற்றி ஒரு வியப்பான செய்தியைச் சொன்னார். அது தம் கற்பனைக்குத் திருமுழுக்கு அளித்தது என்றும், தம்மில் எஞ்சிய பகுதிகளுக்கு அத்திருமுழுக்கு வந்துசேர மேலும் நெடுநாள் ஆயிற்று என்றும் எழுதினார். அந்தக் கதையில் மறையுரை இல்லை, வாதம் இல்லை. அதில் அவர் சந்தித்தது தூய்மையின் ஒளியை. அதற்குமுன் அவர் படித்த மாயக்கதைகள் அன்றாட உலகை வெளிறச் செய்தன. இந்நூலோ அன்றாடப் பொருள்கள்மீதே, அப்பத்தின்மீதும் வீட்டு நிலக்கரியின்மீதும்கூட, அந்த ஒளியைப் படியச் செய்தது.

அந்த ஏக்கத்தின் முதல் தொடுகையை லூயிஸ் இன்னும் முன்னே கொண்டுசெல்கிறார். அவர் குழந்தையாயிருந்தபோது அவருடைய அண்ணன் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் பாசியைப் பரப்பி, குச்சிகளும் பூக்களும் செருகி, ஒரு விளையாட்டுத் தோட்டம் செய்து கொண்டுவந்தாராம். தாம் கண்ட முதல் அழகு அதுவே என்கிறார். உண்மையான தோட்டம் வாசலில் இருந்தது. ஆனால் தோட்டம் என்றால் என்ன என்பதை அந்த டப்பா மூடிதான் அவருக்குக் காட்டிற்று. இதுதான் மாயக்கதையின் பணி. இல்லாத ஒன்றைக் காட்டி, இருப்பதைப் பார்க்கக் கற்றுத்தருகிறது.

கத்தோலிக்கராக 1922-இல் திருச்சபையில் இணைந்த செஸ்டர்டனும் இதே மெக்டொனால்டின் கதையொன்றைத் தம் வாழ்வை மாற்றியதாகக் குறிப்பிட்டவர். தேவதைக் கதைகள் அவருக்குக் கற்றுத்தந்த பாடம், இந்த உலகம் இப்படித்தான் இருந்தாகவேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை என்பது. இலை பச்சையாயிருக்கிறது, வேறு நிறமாகவும் இருந்திருக்கலாம். அப்படியானால் அந்தப் பச்சை ஒரு கொடை. கொடை என்றால் கொடுத்தவர் ஒருவர் உண்டு. நன்றி சொல்லவேண்டிய கடன் நமக்கு உண்டு.

லூயிஸின் நண்பர் டோல்கீனின் கதையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. அவருடைய தாய் மேபல் 1900-இல் கத்தோலிக்கராகி, அதனால் உறவினரின் உதவியை இழந்து, 1904-இல் இறந்தார். அப்போது டோல்கீனுக்கு வயது பன்னிரண்டு. தாயின் விருப்பப்படி பர்மிங்காம் ஒரட்டரியின் அருட்தந்தை பிரான்சிஸ் மோர்கன் இரு மகன்களுக்கும் பாதுகாவலரானார். இளமையில் டிராகன் கதைகளை உயிராய் நேசித்த டோல்கீன், 1916-இல் சொம் போர்க்களத்தின் சேற்றில் நின்றார். நெருங்கிய நண்பர்களை அப்போர் பறித்தது. மாயக்கதைகள்மீது தமக்கிருந்த சுவையை முழு உயிர்ப்பு பெறச் செய்தது அந்தப் போரே என்று அவர் பின்னர் சொன்னார்.

1939 மார்ச்சில் புனித அந்திரேயா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், இக்கதைகள் தப்பியோட்டம் என்ற பழிக்கு அவர் விடை தந்தார். சிறையில் இருப்பவன் வீட்டை நினைப்பதும், போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதும் ஒன்றாகா என்பது அவ்விடையின் சாரம். நாமும் இதை எண்ணிப்பார்க்கலாம். சுவரே உலகம் என்று சொல்பவன் சிறைக் காவலன். சுவருக்கு அப்பால் ஒரு வீடு உண்டு என்று சொல்பவன் கைதி. இருவருள் உண்மை பேசுபவன் யார்?

1931 செப்டம்பரில் ஓர் இரவு, ஆக்ஸ்போர்டின் மாட்லின் கல்லூரி நடைபாதையில் லூயிஸும் டோல்கீனும் மற்றொரு நண்பர் டைசனும் நெடுநேரம் உரையாடினர். பழங்கதைகளில் லூயிஸ் நேசித்த இறந்து உயிர்க்கும் தெய்வத்தின் கதை, கிறிஸ்துவில் வரலாறாகவே நிகழ்ந்தது என்பது அவ்வுரையாடலின் மையம். அதன்பின் சில நாள்களில் லூயிஸ் கிறிஸ்துவை ஏற்றார். அவர் ஆங்கிலிக்கன் சபையிலேயே வாழ்ந்து மறைந்தார் என்றாலும், தொடர்வண்டி நிலையத்தில் தொடங்கிய தாகம் ஊற்றைக் கண்டடைந்தது என்பதில் ஐயமில்லை. இடையில் பதினைந்து ஆண்டுகள். விதைத்தவருக்கு அறுவடையின் நாள் தெரிவதில்லை.

லொயோலாவின் நோய்ப்படுக்கை

ஆனால் எல்லா மாயக்கதை வாசகரும் லூயிஸ் ஆவதில்லை. கற்பனையிலேயே கரைந்துபோனவர்களும் உண்டு. அவ்வாறாயின் நல்ல நேசத்தையும் தீய நேசத்தையும் எப்படிப் பிரித்தறிவது? இதற்கு ஓர் அளவுகோலை நமக்குத் தந்தவர், வீரதீரக் கதைகளின் தீராத ரசிகராயிருந்த ஒருவரே.

1521 மே மாதம் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டுபட்டுக் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலாவில் தம் குடும்ப மாளிகையில் மாதக்கணக்கில் படுத்திருந்தார். பொழுதுபோக்க வீரதீரக் கதைநூல்களைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறும் மட்டுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படிக்காத வேளைகளில் பகற்கனவு கண்டார். சில வேளைகளில் உயர்குலப் பெண்ணொருத்திக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களை மணிக்கணக்கில் கற்பனை செய்தார். வேறு வேளைகளில் பிரான்சிஸ்கு செய்ததை, தோமினிக்கு செய்ததைத் தாமும் செய்வதாகக் கற்பனை செய்தார்.

இரண்டுமே கற்பனை. இரண்டுமே அவ்வேளையில் இன்பம். ஆனால் ஒருநாள் அவர் கண் சற்றே திறந்தது. முதல் கனவு முடிந்தபின் நெஞ்சு வறண்டு, நிறைவற்றுக் கிடந்தது. இரண்டாவது முடிந்தபின்னும் மகிழ்ச்சி நிலைத்து நின்றது. இவ்வேறுபாட்டைக் கவனித்ததே பின்னாளில் அவர் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் வகுத்துத் தந்த தேர்ந்து தெளிதலுக்கு முதல் வித்து.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. கற்பனை செய்தது தவறு என்று இஞ்ஞாசியார் முடிவுகட்டவில்லை. கற்பனை முடிந்தபின் எது மிஞ்சுகிறது என்று பார்த்தார். பழைய கதைகளின் வடிவத்தைக்கூட அவர் எறிந்துவிடவில்லை. 1522 மார்ச்சில் மொன்செராத் திருத்தலத்தில், கதைகளில் வரும் மாவீரன் பட்டமேற்கும் முன்னிரவில் விழித்திருப்பதுபோலவே, அன்னை மரியாவின் பீடத்தின்முன் இரவு முழுவதும் நின்றும் முழந்தாளிட்டும் விழித்திருந்தார். வாளையும் குத்துவாளையும் அங்கேயே விட்டுவிட்டு வெளியேறினார். நற்செய்தி நிகழ்ச்சியை மனக்கண்ணில் கண்டு, கேட்டு, அதனுள் நுழைந்து செபிக்க உலகிற்குக் கற்றுத்தந்தவரும் அவரே. கதைகளில் பழகிய மனத்திற்கே அந்தச் செபமுறை தோன்றியிருக்க முடியும்.

தெரேசாவும் அப்படியே. வீரதீரக் கதைகளைக் குற்றமென்று எண்ணிய அவர், 1577-இல் ஆன்மாவின் பயணத்தை எழுத உட்கார்ந்தபோது எழுந்த உருவம் எது? ஒளிவீசும் வைரத்தாலான கோட்டை, பல அறைகள், நடு அறையில் அரசர். சிறுமி தந்தைக்கு மறைத்துப் படித்த கோட்டைகளை இறைவன் வீணாக்கவில்லை.

ஆகவே அகுஸ்தினார் விட்டுச்சென்ற கேள்விக்கு இஞ்ஞாசியாரின் வழியில் விடை சொல்லலாம். நூலை மூடியபின் என்ன நிகழ்கிறது? வீடு சலிப்பாகவும் மனைவி மக்கள் இடையூறாகவும் தோன்றினால், அடுத்த நூலைத் தேடும் பரபரப்பு மட்டுமே மிஞ்சினால், அக்கண்ணீர் வீண்கண்ணீரே. நூலை மூடிவிட்டு வாசலில் நிற்கும் வேப்பமரத்தைப் புதிதாகப் பார்த்தால், கதையில் இகழப்பட்ட குள்ளனை நினைத்த நெஞ்சு தெருவில் இகழப்படுகிறவனிடம் நின்று பேசினால், அக்கண்ணீர் பயிருக்குப் பாய்ந்த நீர். ஒரே நூல் ஒருவருக்கு வறட்சியும் மற்றொருவருக்கு வளமும் ஆகலாம். எனவே நூலின் அட்டையைப் பார்த்து மட்டும் தீர்ப்பிட இயலாது.

எச்சரிக்கும் கற்பனை

மாயக்கதையைப் பற்றிச் சொன்னதெல்லாம் விஞ்ஞானப் புனைகதைக்கும் பொருந்துமா? பொருந்தும், இன்னொன்றும் சேரும். மாயக்கதை உலகின் தொடக்கத்தை வியக்க வைத்தால், விஞ்ஞானப் புனைகதை நம் செயல்களின் முடிவை நினைக்க வைக்கிறது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய வால்ட்டர் மில்லர் என்ற இளைஞர், இத்தாலியின் மொந்தே கசினோவில் 1944-இல் நடந்த குண்டுவீச்சில் பங்குகொண்டவர். புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய தொன்மையான துறவுமடம் அக்குண்டுகளால் இடிந்து சாம்பலானது. 1947-இல் மில்லர் கத்தோலிக்கரானார். 1959-இல் ‘லெய்போவிட்சுக்கு ஒரு கீதம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நாவலை வெளியிட்டார். அணுப்போரில் நாகரிகம் அழிந்தபின், பாலைவன மடமொன்றில் துறவிகள் எஞ்சிய அறிவியல் ஏடுகளைப் பொருள் தெரியாமலே நூற்றாண்டுக்கணக்கில் படியெடுத்துக் காக்கிறார்கள். மளிகைச் சாமான் பட்டியல் ஒன்றுகூடத் திருப்பண்டமாகப் போற்றப்படுகிறது. அவர்கள் காத்த அறிவாலேயே மனித இனம் மீண்டும் எழுகிறது. மீண்டும் அணுகுண்டு செய்கிறது.

ஒரு மடத்தை இடித்த கை ஒரு மடத்தைக் கதையில் கட்டி எழுப்பிற்று. இது பொழுதுபோக்கா, மனச்சான்றின் ஆய்வா? நாத்தான் தாவீதுக்குச் சொன்ன கதையின் மரபில்தான் இதுவும் நிற்கிறது. “இப்படியே போனால் என்ன ஆகும்?” என்று எதிர்காலத்தின் பெயரால் இது நிகழ்காலத்தைக் கேட்கிறது. இயந்திரங்கள் எழுதவும் பேசவும் தொடங்கிவிட்ட இந்நாளில் இக்கேள்வி நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஜீனோவைக் கண்டு சிரித்தும் கலங்கியும் வளர்ந்த தலைமுறை, மனிதன் என்பவன் யார் என்ற கேள்வியை அன்றே சிறிது கேட்டுப் பழகியிருந்தது.

எதிர்நோக்கின் தொட்டில்

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்குத் திரும்பலாம். அந்த முதல் நேசம் எத்தகையது? அது எதிர்நோக்கின் தொட்டில் என்பதே நம் விடை.

விசுவாசம், எதிர்நோக்கு, அன்பு என்ற மூன்று இறைசார் நற்பண்புகளுள் நடுவே நிற்கும் எதிர்நோக்கைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். கண்ணால் காண்பதை எவரும் எதிர்நோக்குவதில்லை என்கிறார் புனித பவுல். காணாததை எதிர்நோக்க வேண்டுமானால், இப்போது இருப்பதே எல்லாம் அன்று என்று உணரும் உள்ளம் வேண்டும். ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கூடி வாழும் மலையை எசாயா காட்டும்போது, அதைப் பார்க்க ஒரு கண் வேண்டும். புதிய விண்ணையும் புதிய மண்ணையும் யோவான் காட்டும்போது, ‘அது எப்படி நடக்கும்?’ என்று உதட்டைப் பிதுக்காமல், ‘அது எப்போது வரும்?’ என்று கேட்க ஒரு நெஞ்சு வேண்டும். வேறொரு வாழ்வைக் கற்பனையே செய்யமுடியாதவன், சாதி இப்படித்தான், ஏழைமை இப்படித்தான், நம் வீட்டுக் குடிகாரன் இப்படித்தான் என்று எல்லாவற்றையும் விதியாக ஏற்றுக்கொள்வான். அவனுக்கு உயிர்ப்பின் நற்செய்தியும் நம்பமுடியாத கதையாகவே தோன்றும்.

அந்தக் கண்ணும் அந்த நெஞ்சும் பலருக்கு முதன்முதலாகத் திறப்பது ஒரு கதைநூலின் பக்கத்தில். அதற்காகக் கதையை நற்செய்தியாக்கிவிட வேண்டாம். தொட்டிலில் பிள்ளையை என்றும் வைத்திருக்க முடியாது; அது இறங்கி நடக்கவேண்டும். ஆனால் தொட்டிலை உடைத்துவிட்டுப் பிள்ளையை நடக்கச் சொல்வதும் அறிவாகாது.

ஆகவே நம் இல்லங்களில் நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பிள்ளையின் கையிலிருக்கும் நூலைப் பறிப்பதற்குமுன் அதை நாமும் படித்துப் பார்ப்போம். தீமையை அழகாகவும் நன்மையைக் கோழைத்தனமாகவும் காட்டும் நூலென்றால், காரணம் சொல்லி விலக்குவோம். நல்ல நூலென்றால், படித்து முடித்த மாலையில் அருகில் அமர்ந்து, “இந்தக் கதையில் உனக்கு யாரைப் பிடித்தது? ஏன்?” என்று கேட்போம். தேர்ந்து தெளிதலின் முதல் பாடத்தை அந்தக் கேள்வி கற்றுத்தந்துவிடும். கதைநூல் வாங்க வழியில்லாத வீடுகளும் நம் பங்குகளில் உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கும் அந்தச் சன்னல் திறக்கவேண்டும். பங்கு நூலகத்தின் அலமாரியில் புனிதர் வரலாறுகளுக்குப் பக்கத்தில் நல்ல மாயக்கதைகளுக்கும் ஓர் இடம் இருக்கட்டும். லொயோலாவின் மாளிகையில் எந்த நூல் கிடைத்தது என்பதைப் பொறுத்தே ஒரு சபையின் வரலாறு அமைந்தது என்பதை மறவாதிருப்போம்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். தலை நரைத்தபின் அந்தப் பழைய ஏக்கம் நம்முள் எங்கே போயிற்று? கடன், நோய், வழக்கு, வேலை என்று அடுக்கிய சுமைகளின் அடியில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கும். சிறுவயதில் ஒரு கதையின் கடைசிப் பக்கத்தில் நமக்கு வேண்டியிருந்து, பெயர் தெரியாமல் நாம் விட்டுவந்த அந்த ஒன்றை, ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலியில் நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம். உமது அரசு வருக என்று நாம் வேண்டும்போது, அன்று சன்னலருகே நின்ற சிறுவனும் சிறுமியும் நம்மோடு சேர்ந்து வேண்டட்டும்.